குட்டில ரெண்டு

அசையாதீங்க சார். எத்தன வாட்டி சொல்றது? மேல இன்னும் மூணு மூட்டை சாஞ்ச மேனிக்குத் தொங்கிட்டு நிக்குது. நீங்க இழுக்கிற இழுப்புல அதுவும் எறங்கி நெஞ்சு மேல உக்காந்துச்சுன்னா அப்புறம் கதையே வேற. இப்ப கால் ரெண்டும்தானே மாட்டியிருக்கு? தலை நல்லாருக்கு, கை நல்லாருக்கு. வாய்க்குக் கேக்கவே வேணாம், அது எப்பவும் போல ஜோராத்தான் இருக்கு.

ஆம்புலன்சா? வரும் சார். கூப்பிட்டா வராம எங்க போகப் போகுது? மெயின் ரோட்டுலேர்ந்து நம்ம பண்ணைக்கு வர்ற மண் ரோடு இருக்கே, லாரிக்காரனே வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டுத்தான் உள்ள வருவான். பொறுமையா இருங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், எங்கயும் போக மாட்டேன்.

கத்தாதீங்க. யாருக்குக் கேக்கும்? காலைல நீங்கதானே அத்தன பேரையும் லாரில கெடா ஏத்தறதுக்கு இன்னொரு பண்ணைக்கு வெரட்டி விட்டீங்க? கேட்டுல வாட்ச்மேன் இருக்கான், அவன் காதுல எந்நேரமும் பாட்டு ஓடிட்டிருக்கு. நீங்க கத்தினா பால் வருதுன்னு நெனச்சுக்கிட்டு இந்த ஆட்டுக்குட்டிங்க சேந்து கத்துது, அவ்ளோதான். பாருங்க, ஆரம்பிச்சிடுச்சுங்க. ஏய், இருங்கடி, வரேன். ஒவ்வொருத்தியா வாங்க.

தப்பா எடுத்துக்காதீங்க சார், பேசிக்கிட்டே இதுங்களுக்குப் புகட்டிடறேன். பால் ஆறிப் போச்சுன்னா வயித்தால போகும். உங்களையும் தூங்க விடக் கூடாது பாருங்க. அடிபட்டவங்ககிட்ட பேச்சுக் குடுத்துட்டே இருக்கணும்னு சொல்வாங்க. பேசறதுக்கு என்கிட்ட பஞ்சமே இல்ல. வேலைக்குச் சேந்ததுலேர்ந்து உங்ககிட்ட பேசணும் பேசணும்னு நெனச்சிட்டேதான் இருக்கேன். நீங்க எங்க நின்னு கேக்கறீங்க?

மூட்டைய எடுக்கணுமா? ஒத்தப் பொம்பளை சார் நான். ஒவ்வொண்ணும் அம்பது கிலோ. போன வாரம் இதே மூட்டைய என்னால தூக்க முடியலன்னு சொன்னதுக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? இருக்காது. எனக்கு இருக்கு. குட்டிங்க முன்னாடி அதச் சொல்ல வேணாம்.

நான் தள்ளலன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு யாராச்சும் கேட்டா அதையும் சொல்லணும் நீங்க. பால் கலக்க ஏன் இவ்ளோ நேரம்னு கேக்க வந்தவரு, கேட்டுட்டுப் போயிருக்கலாம். கால்ல தட்டுச்சுன்னு இந்த மச்சக்காரிக் குட்டிய ஒரு ஒதை. செவுத்துல போய் மோதி விழுந்துச்சு. எந்திரிச்சு நிக்குதேன்னு இன்னொரு ஒதை. அதுக்குள்ள அவ குதிச்சு ஒதுங்கிட்டா. உங்க பூட்சு போய்ப் பட்டது மூட்டைக்கு முட்டுக் குடுத்திருந்த கட்டைல. அந்தக் கட்டை உளுத்துப் போச்சு, மாத்துங்கன்னு நாங்க சொன்னப்ப, உங்கப்பன் வீட்டுக் கட்டையாடின்னு கேட்டீங்க. உங்கப்பன் வீட்டுதும் இல்ல பாருங்க, அதான் உங்களத் தெரியல அதுக்கு. மடமடன்னு, மேல தொங்கற அந்த மூணு தவிர, தீவனத்துக்கு வச்சிருந்த அத்தன உப்பு மூட்டையும் வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, எலும்பு ஒடையற சத்தம் கேக்கல. சதை மட்டும்தான் நசுங்கியிருக்கு.

சின்ன வயசுல உப்பு மூட்டை வெளையாடியிருக்கீங்களா சார்? முதுகுல ஏத்திக்கிட்டு, உப்பு மூட்டை உப்பு மூட்டைன்னு ஓடுவோமே? இது நெஜ உப்பு மூட்டை. சிரிப்பு வரலயா? சரி, விடுங்க.

தண்ணியெல்லாம் குடுக்க முடியாது. ஆஸ்பத்திரில மயக்க ஊசி கீசின்னு சொன்னாங்கன்னா வயிறு காலியா இருக்கணும். துணிய நனைச்சு உதட்டுல வைக்கிறேன், சப்புங்க. அவ்ளோதான், போதும். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஈரத்துணியச் சப்பிக்கிட்டுக் கெடப்பாரு. நாள் முழுக்கத் தாகம் அவருக்கு. ஆனா ஒரு சொம்புத் தண்ணிக்கு மேல கூடாது. உப்பு சுத்தமா ஆகாது. எங்க வீட்டுல உப்பு டப்பாவே கெடையாது சார். அவருக்கு இல்லாத உப்பு எனக்கு எதுக்குன்னு நானும் விட்டுட்டேன். மொதல்ல சோறு தொண்டைல எறங்கல, மண்ணைத் திங்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. இங்க வேலை செய்யும்போது இந்த மூட்டைலேர்ந்து தூசி பறந்து, மொகத்துல கட்டியிருக்கிற துணியையும் மீறி உதட்டுல படியுமில்ல, நாக்கு தானாப் போய்த் தொட்டுப் பாக்கும். தொட்டுட்டு, அவருக்குத் தெரியாம ஏதோ திருடித் தின்ன மாதிரி மனசு கெடந்து அடிச்சுக்கும்.

வியாதியா? கிட்னி சார். ரெண்டும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒடம்புல இருக்கிற ரத்தத்த வெளிய எடுத்து, மெஷின்ல அலசி, திரும்ப உள்ள விடறாங்க. சேச்சே, குடியெல்லாம் இல்ல. டீயே அளந்து குடிக்கிற மனுஷன்.

நல்லா சப்பு மச்சக்காரி, வயிறு ஒட்டிக் கெடக்கு பாரு. ஒதை வாங்கின எடம் வீங்கியிருக்கு சார் இதுக்கு. தொட்டா நடுங்குது.

பொறந்த குட்டியோட கிட்னி எப்படி வேலை செய்யும்னு தெரியுமா சார் உங்களுக்கு? இத்தன வருஷமா மேனேஜரா இருக்கீங்களே. நம்ம மாட்டு டாக்டர் சொல்லுவாரு, பொறந்த குட்டி கிட்னிக்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாதுன்னு. தாய்ப்பால்ல இருக்கிறதே துளியூண்டு உப்பு. அதையும் விட்டுட்டா ஒடம்பு எப்படி வளரும்? அதனால வந்ததையெல்லாம் இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கும். கஞ்சப் பிசினாறி மாதிரி. அப்புறம் நாளாக நாளாக, தழை கடிக்க ஆரம்பிச்சு, கண்டதையும் நக்கித் தின்னு, தண்ணித் தொட்டில வாய் வைக்க ஆரம்பிச்சப்புறம்தான், கூடுதலா வர்ற உப்ப ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளக் கத்துக்கும். வளந்த ஆட்டுக்கு நீங்க ஒரு கை உப்பக் குடுங்க, நாலு மொடக்குத் தண்ணியக் குடிச்சிட்டு, மூலைல போய் நின்னு மோண்டுட்டு வந்துடும். நேத்துப் பொறந்ததுக்கு அதே உப்பக் குடுத்தீங்கன்னா அது எங்க சார் போகும்? உள்ளயே நிக்கும். ரத்தத்துல நிக்கும். மூளைக்குப் போகும்.

அதான் போன வருஷம் இந்தக் கொட்டாய்ல நடந்தது. ஏன் மொகத்தத் திருப்பிக்கறீங்க? இங்க எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்கு பயந்து வாயத் தொறக்கல, அவ்ளோதான்.

அந்தா, செவுத்துல ஆணியில ரெண்டு அளவு தொங்குது பாருங்க. பெரிய தகர டப்பா ஒண்ணு, சின்ன பிளாஸ்டிக் கோப்பை ஒண்ணு. இங்க வேலை செய்றவங்க அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. பெருசு தாய், சின்னது குட்டி. தாய்ல ஒண்ணு எடு, குட்டில பாதி போடுன்னு பேசிக்குவாங்க. மாட்டு டாக்டரும் இங்க வந்து வந்து அதையே பழகிட்டாரு. நீங்கதான் இந்தக் கொட்டாய்க்குள்ள மூக்கப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டு மூக்கப் பிடிச்சுக்கிட்டே போறவராச்சே, உங்களுக்கு எங்க தெரியும்?

குட்டிங்களுக்குக் கழிச்சல் வந்துச்சு. டாக்டர் உங்களுக்குப் போன் பண்ணாரு. உப்பும் சக்கரையும் கலந்த பவுடர் இருக்கில்ல, அத ஒரு பக்கெட் தண்ணிக்குக் குட்டில ரெண்டு போடச் சொல்லுங்கன்னு சொன்னாரு. குட்டில ரெண்டு. நீங்க காருல போய்க்கிட்டே கேட்டீங்க. உங்க காதுல விழுந்தது குட்டிக்கு ரெண்டு. வார்த்தையோட வாலு மட்டும்தான் சார் மாறுச்சு. அதையே இங்க போன் பண்ணிச் சொன்னீங்க. குட்டிக்கு ரெண்டு போடுடான்னு.

யாருகிட்ட சொன்னீங்க? புட்டிக்காரன்கிட்ட. உங்களுக்குப் பேரு தெரியாது, எல்லாரும் புட்டிக்காரன்னுதான் கூப்பிடுவாங்க. குட்டிங்களுக்குப் புட்டியில பால் குடுக்கிறவரு. குளிருதுன்னா சட்டைக்குள்ள குட்டியப் போட்டுக்கிட்டுத் திரியற ஆளு. அவரு கேட்டாரா இல்லையா? சார், குட்டிக்கு ரெண்டுன்னா எதுல ரெண்டு, தாய்லயா, ரொம்ப அதிகமாத் தெரியுதேன்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க? எதிர்க் கேள்வி கேட்டா செவுள் பிஞ்சிடும், சொன்னதச் செய்டான்னீங்க. அதுக்கு முந்தின நாள்தான் கேள்வி கேட்டதுக்கு அத்தன பேர் முன்னாடியும் செவுள்ல ஒண்ணு வாங்கியிருந்தாரு. கன்னத்துல உங்க வெரல் அஞ்சும் தெரிஞ்சுச்சு. அப்புறம் எங்க கேக்கறது? கண்ணத் தொடச்சிக்கிட்டுத் தாய்ல ரெண்டு, தாய்ல ரெண்டுன்னு ஒவ்வொரு குட்டிக்கும் கலக்கிப் புகட்டினாரு. கழிச்சல் நிக்கற வரைக்கும் தண்ணியக் கண்ல காட்டாதன்னு வேற உத்தரவு உங்களோடது.

வளந்த குட்டிங்க பொழைச்சுதுங்க. தட்டிய முட்டித் தள்ளிட்டுப் போய்த் தொட்டியில வாய வச்சுதுங்க, குடிச்சுதுங்க, மோண்டுச்சுங்க, முடிஞ்சது. பொறந்த குட்டிங்களுக்குத்தான் போக்கெடமே இல்ல. மொதல்ல தள்ளாடிச்சுங்களாம். அப்புறம் கண்ணு தெரியாம செவுத்துல முட்டி நின்னுச்சுங்களாம். அப்புறம் ஒண்ணொண்ணா விழுந்து, தலைய முதுகுக்குப் பின்னாடி வில்லு மாதிரி வளச்சு, நாலு காலையும் ஒதைச்சு ஒதைச்சு, படுத்த எடத்துலயே ஓடுச்சுங்களாம். வாயில நொரை. பல்லக் கடிக்கற சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சாம். புட்டிக்காரரு ஒண்ண மடில வச்சிருக்கும்போதே இன்னொண்ணு இழுத்துக்கும். அத எடுக்கப் போனா மடில இருக்கறது போயிடும். அன்னிக்கு அவரு அழுத மாதிரி, எங்க வீட்டுல அவரோட அம்மா செத்தப்ப கூட அழுததில்ல சார்.

ஆமா. எங்க வீட்டுலதான். எங்க வீட்டுக்காரரத்தான் சொல்லிட்டிருக்கேன்.

இவ்ளோ நேரமா புரியலயா உங்களுக்கு? என் மொகத்துல இருக்கிற துணிய அவுக்கறேன், பாருங்க. பாத்தாலும் தெரியாது. அன்னிக்கு கேட்டுக்கு வெளிய சாப்பாட்டுத் தூக்கோட நின்னுட்டிருந்தேன். உள்ள சத்தம் கேக்குது, என் புருஷன் கொரலு கேக்குது, என்னை உள்ள விடுங்கன்னு கும்புடறேன். அப்பதான் காருல வந்த நீங்க, யாருடா அவ, தொரத்துன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க. மொகத்தப் பாக்கவே இல்ல.

பைப்பத்தானே பாக்கறீங்க? அதேதான். கொழாய்ல மாட்டியிருக்கே பச்சை ரப்பர் பைப்பு, இன்னும் மாத்தல. லோடு ஏத்தற ரெண்டு பேர விட்டுக் கையப் பிடிக்கச் சொன்னீங்க. செத்த குட்டிய ஒண்ணொண்ணா அவரு முன்னாடி தூக்கிப் போட்டு, இதுக்கு, இந்தா இதுக்கு, இதுக்குன்னு எண்ணி எண்ணி அடிச்சீங்க. தொடைல, பின்பக்கம், கெண்டைக் கால்ல. சதையாப் பாத்து. ஒரு எலும்பு ஒடையல, ஒரு பொட்டு ரத்தம் வெளிய வரல. அடிச்சு முடிச்சிட்டு, பாத்தியா, ஒரு காயம் இல்லன்னு சொல்லிச் சிரிச்சீங்களாம். தொடை ரெண்டும் பலூன் மாதிரி உப்பி, தோலு பளபளன்னு ஆயிடுச்சு. இங்கதான் சார் கெடந்தாரு. இப்ப நீங்க படுத்திருக்கீங்களே, கிட்டத்தட்ட அதே எடம்.

கால் மரத்துப் போச்சா? வலி கொறஞ்சிருக்கா? அவருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வலி கொறஞ்சா நல்லதுன்னு நெனச்சோம். நல்லதில்லயாம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்புறமா எனக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாங்க. சதை நசுங்கிச் சாகும்போது அதுலேர்ந்து ஒரு சாயம் மாதிரி ரத்தத்துல எறங்குமாம். அது போய் கிட்னிக்குள்ள சல்லடைய அடைச்சுக்குமாம். மறுநாள் அவரு ஒண்ணுக்குப் போனாரு, பால் ஊத்தாத காபி மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம் அதுவும் நின்னு போச்சு. பைப்பால அடிச்சாலும் அதேதானாம், பூகம்பத்துல செவுரு விழுந்து காலு மாட்டிக்கிட்டாலும் அதேதானாம். செவுரா இருந்தா என்ன, உப்பு மூட்டையா இருந்தா என்ன? நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன், அப்ப இவரோட கிட்னி இப்ப நேத்துப் பொறந்த குட்டியோடது மாதிரி ஆயிடுச்சாம்மா, உப்ப விடத் தெரியாதான்னு. அவங்க, ஆமாம்மா, ஆனா குட்டியோடது வளரும்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த வெறி சார், அத எப்படிச் சொல்றது. உங்க கழுத்த என் பல்லால கடிச்சுத் துப்பணும் போல இருந்துச்சு. அப்புறம் மாட்டு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நான் குட்டிலன்னுதாம்மா சொன்னேன், உங்க மேனேஜர்தான் குட்டிக்குன்னு மாத்திட்டாருன்னு சொல்லித் தலைல அடிச்சுக்கிட்டு அழுதாரு. அப்பதான் முழுசாத் தெரிஞ்சுச்சு. இங்க ஏன் வேலைக்கு வந்தேன்னு கேக்கறீங்களா? கோவம் ஆறிடக் கூடாதுன்னு வந்தேன். தெனம் உங்க மூஞ்சியப் பாத்தா ஆறாது பாருங்க. எனக்கும் விடத் தெரியாது சார். பிடிக்கத்தான் தெரியும்.

என்ன, சூப்பர்வைசர் ஆக்குறீங்களா என்னை? நல்லாருக்கு. கால இழுத்துட்டு வந்து என் முன்னாடி நின்னு சொல்லுங்க, சேந்துக்கறேன். அழாதீங்க. மூக்கு ஒழுகுது, இருங்க தொடச்சு விடறேன். கெட்டவ இல்ல சார் நான்.

கொல்ல மாட்டேன். சாகவும் விட மாட்டேன், பயப்படாதீங்க. அவர நீங்க சாகவா விட்டீங்க? உயிரோடதானே இருக்காரு, ஈரத்துணியச் சப்பிக்கிட்டு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்து சலைன் ஏத்தியிருந்தா கிட்னியக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. காலைல அடிச்சீங்க. பொழுது சாயற வரைக்கும் இங்கதான் கெடந்தாரு. பக்கத்துல இருந்தவங்க உங்ககிட்ட வந்து கெஞ்சினாங்க, சார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்னு. அப்ப நீங்க சொன்ன வார்த்தை எனக்கு மனப்பாடம். மொதல்ல மிச்ச குட்டிங்களுக்குப் புகட்டி முடிங்கடா, அப்புறம் பாக்கலாம்.

ஆம்புலன்ஸ்தானே? நான் என்ன சார் சொன்னேன்? கூப்பிட்டா வரும்னு சொன்னேன். கூப்பிட்டேன்னு எப்பச் சொன்னேன்? நீங்கதான் தப்பாக் காதுல வாங்கிட்டீங்க. வாலு மட்டும்தான் மாறுச்சு.

போன் இந்தா, இடுப்புலயே இருக்கு. பண்ணுவேன், கண்டிப்பாப் பண்ணுவேன். நீங்க அவருக்கு எவ்ளோ அளந்தீங்களோ அதேதான் உங்களுக்கும், கூடவும் கெடையாது, கொறையவும் கெடையாது. இந்த வரிசை முடிஞ்சிடுச்சு. அந்தப் பக்கத்து வரிசை அப்படியே பாக்கி. பால் வேற காய்ச்சணும்.

வாடி செவப்பி, நீதான் அடுத்து. அய்ய, ஏன் இப்படி முட்டிக்கிட்டு வர? பொரை ஏறிக்கப் போகுது. மெதுவாக் குடி, தங்கம். ஒரு அவசரமும் இல்ல.